கேடயத்தில் உடைத்த கால் மாத்திரை

மருந்து அனுமதி அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் அவருக்குச் சந்தேகத்தார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளப் பட்டியலோடு சரி. வினாப் பிரிவில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்து நாற்காலியைத் தேய்த்தவர். எந்த நிறுவனமாவது ஒரு மருந்தை விற்க அனுமதி கேட்டு விண்ணப்பித்தால், அதைப் படித்து ஒரு கேள்வி எழுப்ப வேண்டும். அதுதான் வேலை. கேள்வி எழாத விண்ணப்பம் உலகத்தில் கிடையாது என்பது அவர் கொள்கை. தானாக எழாவிட்டால் தட்டி எழுப்புவார்.

அவரைச் சோம்பேறி என்றோ கை நீட்டுகிறவர் என்றோ யாரும் சொல்ல முடியாது. கை நீட்டுகிறவன்கூட என்றைக்காவது ஒரு கோப்பை நகர்த்திவிடுவான். சந்தேகத்தாரின் கை சுத்தமான கை. அதனால் அவர் மேஜையிலிருந்து எதுவும் நகர்ந்ததில்லை.

அந்த அலுவலகத்துக்கு ஒரே ஒரு நோயாளியைத்தான் தெரியும். சராசரி நோயாளி என்று விதிப்புத்தகத்தில் எழுதியிருக்கும்: ஆண், வயது முப்பத்தைந்து, எடை எழுபது கிலோ, வேறு நோய் எதுவும் இல்லை, கர்ப்பமாக இல்லை. எந்த மருந்தாக இருந்தாலும் அளவு இந்த ஆளுக்குத்தான். இவ்வளவு திடகாத்திரமானவனுக்கு மருந்து எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. சந்தேகத்தாருக்கே அந்தச் சந்தேகம் வந்ததில்லை. மற்றவர்களுக்கு, அதாவது குழந்தை, கிழவர், பிள்ளைத்தாய்ச்சி, சிறுநீரகம் கெட்டவர் எல்லோருக்கும் சேர்த்து மருந்துப்பெட்டிக்குள் போகும் துண்டுச்சீட்டில் ஒரே வரி: ‘மருத்துவரின் ஆலோசனைப்படி.’ அந்த வரி அவர் யோசனை. இடமும் மிச்சம், பொறுப்பும் மிச்சம் என்று மேலிடம் பாராட்டியது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். பளிங்கு அடிப்பலகை, மேலே பித்தளைத் தகடு, தகட்டில் ‘ஆண்டின் சிறந்த வினா’ என்ற எழுத்து. எந்த வினாவுக்கு என்று தகட்டில் போடவில்லை. அவருக்கும் மறந்துவிட்டது. வருஷத்துக்கு நானூறு கேள்வி கேட்கிறவர் எதை நினைவில் வைத்துக்கொள்வார்? வீட்டில் கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில் அது ஆறு வருஷம் போலக் கௌரவமாக உட்கார்ந்திருந்தது.

இப்போது அது அடுப்படியில் இருந்தது. மகளுக்கு வலிப்பு வந்த பிறகு இடம் மாறிவிட்டது.

கேடயம் வாங்கி இரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவள் மகள். வயது ஐந்து, எடை பதினைந்து கிலோ. முதல் வலிப்பு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. டாக்டர் நல்ல மருந்தாகத்தான் எழுதிக் கொடுத்தார், காலையில் கால் மாத்திரை, மாலையில் கால் மாத்திரை என்று. மாத்திரை சராசரி நோயாளிக்குச் செய்தது. உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிது, நடுவில் கோடுகூடக் கிடையாது. அதை நாலாக உடைக்க வேண்டும். வீட்டில் வழவழப்பாக, ஆடாமல், கத்தி போட்டாலும் தாங்குகிற மாதிரி இருந்த பலகை கேடயத்தின் அடிப்பாகம் ஒன்றுதான். அவர் மனைவி அதைப் படுக்கப்போட்டு, தினமும் இரண்டு வேளையும் பிளேடு பிடித்து உட்காருவாள்.

மனைவி தையல்காரி. அந்தத் தெருவில் கல்யாண ரவிக்கை எல்லாம் அவள் கைப்பட்டுத்தான் போகும். கண்ணளவுக்குப் பேர்போனவள். அவளுக்கே கால் மாத்திரை கால் மாத்திரையாக வரவில்லை. ஒன்று பெரிதாகப் போகும், ஒன்று பொடியாக உதிரும். பெரிய துண்டு விழுந்த நாளில் குழந்தை சோற்றுத் தட்டின் முன்னாலேயே தலை தொங்கித் தூங்கும். சின்னத் துண்டு விழுந்த நாளில் வலிப்புக்குப் பயந்து வீட்டில் யாரும் அவளை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள்.

“துணியில அரை அங்குலம் தப்பினா பிரிச்சுத் தைக்கலாம்ங்க. இதுல எதைப் பிரிக்கறது?” என்று ஒருநாள் கேட்டாள். சந்தேகத்தாருக்குக் கேள்வி கேட்டுத்தான் பழக்கம்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. அவர் போய்ச் சேர்ந்தபோது டீச்சரின் மடியில் குழந்தை கிடந்தாள். வலிப்பு நின்றிருந்தது. கீழுதட்டில் பல் பதிந்து ரத்தம் கசிந்திருந்தது. கண்ணைத் திறந்து அவரைப் பார்த்து, “அப்பா, இன்னைக்கு நான் ஒண்ணும் குறும்பு பண்ணல” என்றாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு மாத்திரை எவ்வளவு சின்னது என்று அவருக்குத் தெரிந்தது.

டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். சரியான அளவை இதில் பாருங்கள் என்று துண்டுச்சீட்டை வேறு கையோடு கொண்டுபோயிருந்தார். டாக்டர் அதை விரித்துப் பார்த்தார்.

“குழந்தைகளுக்கு மருத்துவரின் ஆலோசனைப்படின்னு போட்டிருக்கு. அந்த மருத்துவர் நான்தான். நான் எதைப் பார்த்துச் சொல்றது? சீட்டைப் பார்த்து. சீட்டு என்னைப் பார்க்கச் சொல்லுது. எவன் எழுதினான் சார் இதை?”

சந்தேகத்தார் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“இப்படி ஒருநாள் கூட, ஒருநாள் குறையன்னு போனா நல்லதில்ல” என்றார் டாக்டர். “எப்ப, எங்க விழுவாள்னு சொல்ல முடியாது. இதே மருந்து குழந்தைகளுக்குன்னு சிரப்பா இருக்கு. மில்லிக்கணக்குல அளந்து ஊத்தலாம், தலைவலி விட்டுது. பக்கத்து நாட்டுக்கெல்லாம் இங்கிருந்துதான் போகுது. இங்க மட்டும் அனுமதி இல்ல. உங்க ஆபீஸ்லதான் யாரோ ஒரு பைத்தியக்காரக் கேள்வியைக் கேட்டு நிறுத்தி வச்சிருக்காங்களாம்.”

“யாருன்னு விசாரிக்கிறேன் டாக்டர்” என்றார் சந்தேகத்தார், நிஜமான கோபத்தோடு.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, பொதுஜனமாக அலுவலகத்துக்குப் போனார். சொந்தக் காரியத்துக்கு அலுவலகக் கதவைப் பயன்படுத்தக் கூடாது என்பதில் கறாரானவர். பின்பக்கம் போய், வரிசையில் நின்று, பதிவறை ஜன்னலுக்கு வந்தார். உள்ளே இருந்த பதிவறைக்காரர் பதினெட்டு வருஷமாக அவரோடு டீ குடிக்கிறவர்.

“அடையாள அட்டை?” என்றார் பதிவறைக்காரர்.

“யோவ், நான்தான்யா.”

“நீங்கதான்னு எனக்குத் தெரியும் சார். ஜன்னலுக்குத் தெரியாதே.”

அட்டையைக் காட்டினார். ஒரு படிவம் வந்தது. தனியார் ஒருவர் மருந்துக் கோப்பைப் பார்க்க வேண்டுமானால் நோயாளியின் ஒப்புதல் வேண்டும். இரண்டு இடத்தில் கையெழுத்து. நோயாளிக்கு ஐந்து வயது என்றார் சந்தேகத்தார். வயதைப் பற்றி விதியில் ஒன்றும் சொல்லவில்லை என்றார் பதிவறைக்காரர். படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மகளிடம் நீட்டினார். அவளுக்கு எழுத வராது, பூனை போட வரும். இரண்டு இடத்திலும் ஒவ்வொரு பூனை போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த நாளும் லீவு. படிவம் ஜன்னல் வழியாகத் திரும்பி வந்தது.

“பூனை ரெண்டும் ஒத்துப்போகல சார். மேல இருக்கறதுக்கு வால் வலது பக்கம். கீழ இருக்கறதுக்கு இடது பக்கம். ரெண்டு கையெழுத்தும் ஒரே மாதிரி இருக்கணும்னு விதி.”

“இப்படி ஒரு விதியை எந்த மடையன் கொண்டுவந்தான்?”

பதிவறைக்காரர் சங்கடத்தோடு பேனாவைத் துடைத்தார். “ஆறு வருஷம் முன்னாடி நீங்க எழுதின குறிப்பு சார் அது.”

வீட்டுக்கு வந்து மகளிடம் விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மேல இருக்கறது முழிச்சிட்டிருக்கற பூனைப்பா. கீழ இருக்கறது திரும்பிப் படுத்திருக்கு” என்றாள். கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். இரண்டு இடத்திலும் ஒரு வட்டம் போட்டாள். பூனை போர்வைக்குள் இருக்கிறது. அது ஒத்துப்போயிற்று.

பதிவறையில் தூசு தட்டிக் கோப்பை எடுத்து அவர் முன் வைத்தார் பதிவறைக்காரர். சந்தேகத்தார் நின்றபடியே படித்தார். நிறுவனம் எல்லாம் சரியாகத்தான் கொடுத்திருந்தது. எந்த எடைக்கு எத்தனை மில்லி என்று அட்டவணை, அளக்கும் குழாய், மூன்று ஆஸ்பத்திரியில் கொடுத்துப் பார்த்த விவரம். அதற்கு மேல், அலுவலகத்தின் கேள்வி பச்சைக் காகிதத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது:

‘அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது எனக் குறிப்பிடப்பட்டுள்ளது. குழந்தை வளரும்போது அதன் எடை மாறக்கூடுமா? மாறக்கூடும் எனில், மாறாதிருக்க நிறுவனம் எடுத்துள்ள நடவடிக்கைகள் யாவை?’

உண்மையைச் சொல்ல வேண்டும். கேள்வியைப் படித்ததும் சந்தேகத்தாருக்கு முதலில் வந்தது கோபமில்லை. மெய்சிலிர்த்துவிட்டது. ‘கேட்டவன் கெட்டிக்காரன். எப்படித் தப்புவான் நிறுவனத்துக்காரன்’ என்று தொழில் பாசத்தோடு நினைத்தார். ஆமாம் என்றாலும் மாட்டிக்கொள்வான், இல்லை என்றாலும் மாட்டிக்கொள்வான். நிறுவனம் பதிலே போடவில்லை. யார் இந்த மேதை என்று காகிதத்தைக் கீழே தள்ளிக் கையெழுத்தைப் பார்த்தார்.

அவருடைய கையெழுத்து. பக்கத்தில் இயக்குநர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ‘மிக நன்று. இந்த ஆண்டின் கேடயத்துக்குப் பரிந்துரைக்கிறேன்.’

சந்தேகத்தார் அங்கிருந்த ஏணிப்படியில் உட்கார்ந்துவிட்டார். பதினான்கு மாதமாக, காலையிலும் மாலையிலும், தன் மகளின் மாத்திரையை எதன் மேல் வைத்து உடைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது. பதிவறைக்காரர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். படிவம் எதுவும் கேட்கவில்லை.

“நான் இந்தக் கேள்வியை வாபஸ் வாங்கிக்கறேன்” என்றார் சந்தேகத்தார்.

“அதுக்கும் படிவம் இருக்கு சார். ஆனா மூணே காரணம்தான் அச்சடிச்சிருக்கு, ஏதாவது ஒண்ணுல டிக் போடணும். நிறுவனம் பதில் கொடுத்துடுச்சு. நிறுவனம் மூடிடுச்சு. கேள்வி கேட்டவர் காலமாயிட்டார்.” கொஞ்சம் யோசித்து, குரலைத் தாழ்த்தி, “மூணாவது கொஞ்சம் சுலபம் சார். யாரும் மேல கீழ கேக்க மாட்டாங்க” என்றார்.

சந்தேகத்தார் ஒரு கணம் அதையும் யோசித்தார். பிறகு இயக்குநரைப் பார்க்கப் போனார்.

இயக்குநர் அம்மா இரக்கமுள்ளவர். குழந்தையைப் பற்றிக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே பேசினார்.

“உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணு நினைச்சுப் பாருங்க. நாம ஒரு மருந்தை அனுமதிச்சு, ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா நம்ம பேரு பேப்பர்ல வரும். நாம அனுமதிக்காம ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா, அது நோயோட பேர்ல போயிடும். இந்த வித்தியாசத்தைக் காப்பாத்தத்தான் இவ்வளவு பேர் இங்க உக்காந்திருக்கோம். இன்னொண்ணு, உங்க குழந்தைக்கு வேணும்ங்கறதால நீங்க இனிமே இந்தக் கோப்பைத் தொடக்கூடாது. குழந்தை மேல அக்கறை இல்லாதவங்கதான் நடுநிலையா பார்க்க முடியும். அதுக்கு நம்ம ஆபீஸ்ல ஆளுக்குப் பஞ்சமில்ல.”

கேடயம் வாங்கிய கேள்வி என்பதால் விஷயம் குழுவுக்குப் போக வேண்டும் என்று முடிவாயிற்று. அந்தக் குழுவுக்குப் பலதரப்பட்ட நோயாளிகள் நலக் குழு என்று பெயர். குழந்தைகளின் பிரதிநிதி ஐம்பத்தெட்டு வயதுக்காரர். தானும் ஒரு காலத்தில் குழந்தையாக இருந்த அனுபவத்தை வைத்து நியமிக்கப்பட்டவர். கர்ப்பிணிகளின் பிரதிநிதி ஒரு மீசைக்காரர். அவர் மனைவி மூன்று பெற்றவள். முதியோரின் பிரதிநிதி அலுவலகத்திலேயே இளையவன், ஏனென்றால் கூட்டம் நடப்பது நாலாவது மாடியில், லிப்ட் கிடையாது, உண்மையான முதியவர்கள் வந்து சேரவில்லை. சிறுநீரக நோயாளிகளுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அது காலியாக இருந்தது. குழுவிலேயே இதுவரை தவறாக எதுவும் சொல்லாத உறுப்பினர் அதுதான்.

சந்தேகத்தார் எழுந்து நின்று, சுருக்கமாகச் சொன்னார். மாத்திரையைச் சமமாக நாலாக உடைக்க முடியாது. தன் மனைவியாலேயே முடியவில்லை. அதனால் சிரப் வேண்டும்.

“முடியாதுன்னு எப்படிச் சொல்றீங்க?” என்றார் குழந்தைகளின் பிரதிநிதி. “ஆதாரம் இருக்கா?”

ஆளுக்கொரு மாத்திரை வரவழைக்கப்பட்டது. காலி நாற்காலியின் முன்னாலும் ஒன்று வைத்தார்கள். இயக்குநர் அம்மா காகிதம் வெட்டும் கத்தியை எடுத்தார். மீசைக்காரர் இரும்பு ஸ்கேலை ஓங்கி வைத்ததில் பாதி மாத்திரை ஜன்னல் பக்கம் பறந்தது; அவர் மேஜைக்கடியில் தவழ்ந்து தேடினார். குழந்தைகளின் பிரதிநிதி பல்லால் கடித்துப் பார்த்து, கசப்பு என்று ஒரு குறிப்பு எழுதச் சொன்னார். முதியோரின் பிரதிநிதி ஸ்டேப்ளரின் அடிப்பாகத்தால் தட்டினான். அவனுக்கு நாலு துண்டுக்குப் பதிலாக மாவு கிடைத்தது. அரைமணி நேரம் கழித்து மேஜை முழுவதும் வெள்ளையாக இருந்தது. முழுசாகத் தப்பியது சிறுநீரக நாற்காலியின் மாத்திரை ஒன்றுதான்.

சந்தேகத்தாருக்குப் பதினான்கு மாதத்தில் முதல்முறையாக நம்பிக்கை வந்தது. இவர்களே கண்ணால் பார்த்துவிட்டார்களே.

“துண்டுகளை எடை போட்டுப் பாத்துடலாம்” என்றார் இயக்குநர் அம்மா. அலுவலகத்தில் இருந்த தராசு தபால் பிரிவில் கவர் நிறுக்கும் தராசு ஒன்றுதான். அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெரிய துண்டை வைத்தார்கள். பூஜ்யம் காட்டியது. சின்னத் துண்டை வைத்தார்கள், பூஜ்யம். முதியோரின் மாவைக் காகிதத்தில் வழித்து வைத்தார்கள். காகிதத்தைக் கழித்தால் அதுவும் பூஜ்யம்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: ‘மாத்திரையை நாலாக உடைப்பது சாத்தியமே எனக் குழு நேரில் கண்டது. எல்லாத் துண்டுகளும் ஒரே எடை. பெற்றோருக்குப் பயிற்சி போதவில்லை.’ கர்ப்பிணிகளின் பிரதிநிதி தும்மிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அன்று மாலை மூன்று மணிக்கு மேல் குழு உறுப்பினர்கள் எல்லோரும் அவரவர் மேஜையில் தலை சாய்த்துத் தூங்கினார்கள் என்றும், அது மருந்தினாலா வழக்கத்தினாலா என்று சொல்ல முடியவில்லை என்றும் பதிவறைக்காரர் பிறகு சொன்னார்.

சந்தேகத்தார் பதிவறைக்குப் போய் அந்த வாபஸ் படிவத்தைக் கேட்டு வாங்கினார். மூன்று காரணங்களையும் இன்னொரு முறை படித்தார். கோபமெல்லாம் குழுவின் மேல்தான் என்று நினைத்திருந்தார். பேனாவை எடுத்ததும் அது எங்கே போக வேண்டுமோ அங்கே போயிற்று. அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அவரைவிட ஒன்றும் மோசமில்லை. அவர்களுக்காவது கேடயம் கிடைக்கவில்லை.

நாலு என்று நம்பர் போட்டு, கையால் எழுதினார்: ‘கேள்வி கேட்டவனுக்கு விஷயம் தெரியாது. குழந்தைகள் வளரும் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போது வீட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.’

“சார், இப்படி எழுதினா உங்களை இந்தப் பிரிவுல வச்சிருக்க மாட்டாங்க” என்றார் பதிவறைக்காரர். “தெரியாதுன்னு இந்தக் கட்டடத்துல எவனும் எழுதினதில்ல.”

“அதனாலதான்யா யாருக்கும் எதுவும் தெரியல” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார் சந்தேகத்தார்.

படிவம் மேலே போனது. தெரியாமை என்ற காரணத்தை மறுப்பதற்கு விதி தேடினார்கள், கிடைக்கவில்லை. ஏற்பதற்கும் விதி இல்லை. எந்த மேஜையிலும் அதை வைக்க முடியாததால் அது எந்த மேஜையிலும் தங்கவில்லை. பதினெட்டு வருஷத்தில் எந்தக் கோப்பும் போகாத வேகத்தில் போய், கேள்வி ஏதும் நிலுவையில் இல்லாத விண்ணப்பம் என்று அனுமதி முத்திரை வாங்கிவிட்டது. எப்படி நடந்தது என்று இன்றுவரை அலுவலகத்துக்குத் தெரியாது.

சிரப் கடைக்கு வர நாலு மாதம் ஆயிற்று. அதற்குள் மகளுக்கு இரண்டு முறை வலிப்பு வந்தது. எடையும் ஒரு கிலோ கூடியிருந்தது. நிறுவனம் அதைத் தடுக்க எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை.

முதல்நாள் காலையில் மனைவி குழாயைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, கோட்டுக்குச் சரியாக மருந்தை இழுத்தாள். ரவிக்கைக் கழுத்து வெட்டுகிற முகம் அவளுக்குத் திரும்ப வந்திருந்தது. மகள் வாயைத் திறந்து விழுங்கிவிட்டு, “உடைக்கலையாம்மா?” என்று கேட்டாள்.

“இனிமே உடைக்க வேண்டாம் கண்ணு” என்றாள் மனைவி. சந்தேகத்தார் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

அவரைத் தபால் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். பூஜ்யம் காட்டும் தராசுக்குப் பக்கத்து நாற்காலி. ஒரு மாதம் கழித்து அவரே பிரித்து அடுக்கிய தபாலில் அவருக்கே ஒரு கடிதம் இருந்தது. வாபஸ் வாங்கிய கேள்விக்குக் கொடுத்த கேடயத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றிருந்தது. துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்றாம் நாள் இன்னொரு கடிதம்: ‘கேடயத்தின் பளிங்குப் பலகையில் எண்ணற்ற கீறல்கள் காணப்படுகின்றன. இவை யாவை? விளக்கம் தருக.’

பதினெட்டு வருஷம் கேள்வி கேட்டவர், முதல்முறையாக ஒரு பதில் எழுத உட்கார்ந்தார். ஒரு வரி போதுமானதாக இருந்தது: ‘அவை என் கேள்விக்கு வந்த பதில்கள்.’

வாரக் கடைசியில் அந்தக் காகிதம் திரும்பி வந்தது. வினாப் பிரிவில் அவருடைய பழைய நாற்காலிக்கு வந்திருந்தவர் ஓரத்தில் பச்சை மையில், அழகான கையெழுத்தில் கேட்டிருந்தார்: ‘எத்தகைய பதில்கள்? எடையைக் குறிப்பிடவும்.’

நல்ல கேள்வி என்று நினைத்தார் சந்தேகத்தார். இந்த வருஷத்துக் கேடயம் இதற்குத்தான் போகும். காகிதத்தை மடித்துத் தராசின் மேல் வைத்துப் பார்த்தார். பிறகு மணி ஐந்தாகிவிட்டதைக் கவனித்து, மகளுக்கு மாலை மருந்து அளக்க வீட்டுக்குக் கிளம்பினார்.